54 பைசன்களும் ஒரு பேரேடும்

1923ஆம் ஆண்டு பாரிஸில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு மாநாடு ஒன்று நடந்தது. போலந்து விலங்கியலாளர் யான் ஷ்டோல்ட்ஸ்மன் அங்கே எழுந்து ஐரோப்பிய பைசனுக்காகப் பேசினார். ஐரோப்பாவின் தரைவாழ் விலங்குகளில் அதைவிடப் பெரியது வேறில்லை. ஆனால் போலந்துக் காட்டில் அப்போது அது ஒன்றுகூட இல்லை. காகசஸ் மலையில் மட்டும் கொஞ்சம் எஞ்சியிருந்தன. மற்றவை உயிரியல் பூங்காக்களிலும் பிரபுக்களின் வேட்டைத் தோட்டங்களிலும் சிதறிக் கிடந்தன. நாடுகள் ஒன்றுசேர்ந்து இருப்பதையாவது காப்பாற்ற வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார். காப்பாற்றுவதற்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. மொத்தம் எத்தனை இருக்கின்றன? யாருக்கும் தெரியாது.

அந்தக் கேள்விக்கு விடை தேடப் போய்ப் பிறந்ததுதான் 'ஸ்டட்புக்' என்று உயிரியல் பூங்காக்காரர்கள் சொல்லும் வம்சப் பதிவேடு. பாண்டா, பனிச்சிறுத்தை, காண்டாமிருகம் என்று இன்று பூங்காவில் வளர்க்கப்படும் அரிய பாலூட்டிகள் பலவற்றுக்குத் தனித்தனியாக இப்படி ஒரு பேரேடு உண்டு. எந்தக் கூண்டில் எது, அதன் அப்பன் யார், ஆத்தாள் யார், எங்கிருந்து எங்கே போனது, எப்போது செத்தது எல்லாம் அதில் இருக்கும். காட்டு விலங்கு ஒன்றுக்காக எழுதப்பட்ட முதல் பேரேடு பைசனுடையது.

பைசன் அழிந்த கதை பியாவோவியேஜா காட்டில் தொடங்குகிறது. இன்றைய போலந்துக்கும் பெலாரஸுக்கும் நடுவில் கிடக்கும் பழங்காடு அது. ரஷ்யச் சக்கரவர்த்திகளின் வேட்டைக்காடாக இருந்ததால் அங்கே பைசனைத் தொட வேறு எவருக்கும் துணிச்சல் கிடையாது. முதல் உலகப் போர் தொடங்கும்போது எழுநூற்றுக்கு மேல் இருந்தன. பிறகு படைகள் வந்தன, பசி வந்தது, திருட்டு வேட்டை வந்தது. 1919க்குள் அந்தக் காட்டில் கடைசி பைசனும் சுடப்பட்டது. காகசஸில் இருந்த கடைசியும் 1927இல் போனது.

ஆனாலும் இனம் முழுதாக அற்றுப்போகவில்லை. அதற்குக் காரணம் அரசர்களின் பெருமை என்றுதான் சொல்ல வேண்டும். ரஷ்யச் சக்கரவர்த்திகள் தமக்கு வேண்டிய அரசுகளுக்கும் நகரங்களுக்கும் பைசனைப் பரிசாகக் கொடுத்துவந்தார்கள். 1865இல் பிஷ்சினா என்ற ஊரின் பிரபு, தன் சிவப்பு மான்களைக் கொடுத்து மாற்றாக ஒரு காளையையும் மூன்று பசுக்களையும் வாங்கினார். எதிர்காலத்தைப் பற்றிய கவலை இதில் எவருக்கும் இல்லை. பார்க்க வந்தவர்கள் வாய்பிளக்க வேண்டும், அவ்வளவுதான். அந்தக் காலத்து மிருகக்காட்சிசாலைகள் எல்லாமே அப்படித்தான் நடந்தன. ஒன்று செத்தால் ஹாம்பர்கில் கார்ல் ஹாகன்பெக் போன்ற வியாபாரியிடம் இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். விலங்கு எந்தக் கிடையில் பிறந்தது என்பதைவிட என்ன விலைக்கு வந்தது என்பதுதான் கணக்குப் புத்தகத்தில் முக்கியம்.

1923 ஆகஸ்டில் ஜெர்மனியில் பைசன் பாதுகாப்புக்கான பன்னாட்டுச் சங்கம் உருவானது. பிராங்பர்ட் உயிரியல் பூங்காவின் இயக்குநர் குர்ட் ப்ரீமல் அதன் தலைவர். சங்கத்தின் முதல் வேலை கணக்கெடுப்பு. எண்ணுவது சுலபம் என்று தோன்றும், ஆனால் சுலபமாக இல்லை. பல இடங்களில் பைசனை அமெரிக்க பைசனோடும் நாட்டு மாடுகளோடும் சேர்த்துவிட்டிருந்தார்கள். பேரன் தலைமுறைக்கு வந்துவிட்டால் கலப்பு எது, அசல் எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடிதம் எழுதி, ரசீதுகளைத் தேடி, பழைய காவலர்களைக் கேட்டு ஒவ்வொன்றின் பிறப்பையும் நிரூபிக்க வேண்டியிருந்தது. வம்சம் சந்தேகமில்லாமல் தெரிந்தவை 54 மட்டுமே தேறின. ஆண் 29, பெண் 25. அவற்றின் வம்சத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் வேர் வெறும் 12 விலங்குகளில் போய் முடிகிறது.

1932இல் கெர்ட் ஃபான் டெர் க்ரோபன் தொகுத்த முதல் பதிவேடு அச்சாகி வந்தது. அதன் வடிவம் புதிதல்ல. பந்தயக் குதிரைகளுக்கு இங்கிலாந்தில் 1791 முதலே வம்சப் புத்தகம் அச்சாகி வந்தது. பந்தயத்தில் எந்தக் குதிரை மேல் பணம் கட்டலாம் என்று பார்ப்பதற்கு உதவிய அதே முறை இங்கே ஓர் இனத்தைக் காப்பாற்ற வந்தது. ஒவ்வொரு பைசனுக்கும் ஓர் எண், ஒரு பெயர். பெயரின் முதல் இரண்டு எழுத்துகளைப் பார்த்தே எங்கே பிறந்தது என்று சொல்லிவிடலாம். பிஷ்சினாவில் பிறந்தவை 'ப்ளெ', 'ப்ளா' என்றுதான் தொடங்கும். 45ஆம் எண் காளை ப்ளெபையர், 42ஆம் எண் பசு ப்ளாண்டா இரண்டும் அந்தக் கிடையைச் சேர்ந்தவை. இன்று காகசஸ் ரத்தம் கலக்காத சமவெளிக் கிளையைச் சேர்ந்த பைசன் காளை எதை எடுத்தாலும் அதன் ஆண்வழி அந்த ஒரே ப்ளெபையரில் போய் நிற்கிறது.

100ஆம் எண்ணின் பெயர் 'கௌகசஸ்'. காகசஸ் மலையில் கன்றாகப் பிடிபட்டு 1908இல் ஜெர்மனிக்கு வந்த காளை அது, 1925இல் செத்துவிட்டது. மலையில் இருந்த அதன் இனத்தார் எல்லாரும் அடுத்த இரண்டே ஆண்டில் அழிந்தார்கள். மலை பைசனின் ரத்தம் இன்று உலகில் எங்கே இருந்தாலும் அது இந்த ஒற்றைக் காளை வழியாக வந்ததே.

இரண்டாம் உலகப் போரில் பல பூங்காக்கள் தரைமட்டமாயின. வார்சா பூங்கா 1939 செப்டம்பர் குண்டுவீச்சில் நொறுங்கியது. நல்ல விலங்குகளை ஜெர்மானியர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். அதன் இயக்குநர் யான் ஜபின்ஸ்கியும் மனைவி அன்டோனினாவும் காலிக் கூண்டுகளிலும் தம் வீட்டிலும் யூதர்களை ஒளித்துவைத்துப் பல உயிர்களைக் காப்பாற்றினார்கள். அந்தக் கதை புத்தகமாகவும் சினிமாவாகவும் வந்து பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் போர் முடிந்ததும் பைசன் பதிவேட்டைக் கையில் எடுத்து மீண்டும் வெளியிட்டவர் இதே ஜபின்ஸ்கி என்பதைச் சினிமா பார்த்தவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பேரேடு அன்றிலிருந்து போலந்தில்தான் இருக்கிறது.

1929இலேயே பூங்காக்களில் இருந்து வாங்கிய பைசன்களை பியாவோவியேஜாவில் வேலிக்குள் வைத்து வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். 1952இல் வேலியைத் திறந்து முதல் பைசன்களைக் காட்டுக்குள் விட்டார்கள். காட்டில் திரியும் பைசன்கள் 2003இல் சுமார் 1,800 ஆகவும் 2019இல் 6,200க்கு மேலாகவும் ஆயின. காட்டில் பிறக்கும் கன்றுக்குப் பேரேட்டில் தனிப்பெயர் கிடையாது. கூட்டத்தின் எண்ணிக்கையை மட்டும் குறிப்பார்கள். பெயர் இழப்பதுதான் விடுதலை என்று வைத்துக்கொள்ளலாம்.

பைசனுக்குப் பலித்தது மற்றவற்றுக்கும் பலிக்கும் என்று அடுத்து நம்பியவர்கள் மங்கோலியக் காட்டுக்குதிரையைக் காக்க முனைந்தவர்கள். 1901இல் ஹாகன்பெக் ஒரே தவணையில் 28 குட்டிகளை ஹாம்பர்குக்குக் கொண்டுவந்திருந்தார். அவற்றின் வம்சத்தைத் தோண்டி எடுத்து 1959இல் புத்தகமாக்கியவர் ஹாம்பர்க் விலங்கியலாளர் எர்னா மோர். அந்தப் பேரேடு இன்றும் பிராக் பூங்காவில் இருக்கிறது. அதைப் புரட்டினால் ஒரு வேடிக்கையும் தெரியும். இன்றைய காட்டுக்குதிரைகளின் மூதாதையரில் ஒன்று, ஜெர்மனியின் ஹாலே நகரில் கலந்துவிட்ட வீட்டுக்குதிரை. உண்மையை மறைக்காமல் எழுதிவைத்ததால்தான் நமக்கு இது தெரிகிறது.

அதுவரை பேரேடு வெறும் பதிவு. அதை ஆயுதமாக்கியவர் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவைச் சேர்ந்த கேத்தரின் ரால்ஸ். சொந்தத்துக்குள் சேர்ந்தால் குட்டிகள் பலவீனமாகும் என்பது பண்ணைக்காரர்களுக்குப் பழைய விஷயம். பூங்காக்களோ இருக்கிற ஒரே ஆணை அதன் மகளோடும் பேத்தியோடும் சேர்த்துக்கொண்டிருந்தன. அத்தை மகனையும் மாமன் மகளையும் கட்டிக்கொண்ட நம் ஊர்க்காரர்களுக்கு அதிர்ச்சியாக இருக்காது. ஆனால் விலங்குகளிடம் இது தலைமுறை தலைமுறையாக நடந்தது. ரால்ஸும் சக ஆய்வாளர்களும் பூங்காவின் பிறப்பு இறப்புப் பதிவுகளை எடுத்துக் குளம்புள்ள விலங்குகளில் 16 இனங்களைக் கணக்குப் பார்த்தார்கள். நெருங்கிய உறவில் பிறந்த குட்டிகள் அதிகம் மடிந்தது 15 இனங்களில். 1979இல் 'சயின்ஸ்' இதழில் அது வெளியானது. அதற்குப் பிறகு எந்தப் பூங்கா இயக்குநரும் "எங்கள் ஆண் வலுவானது, எல்லாம் சரியாக இருக்கும்" என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. 1981இல் அமெரிக்கப் பூங்காக்களும் 1985இல் ஐரோப்பியப் பூங்காக்களும் இனவாரியாகக் கூட்டுத் திட்டம் தொடங்கின. எதை எதோடு சேர்ப்பது என்பதைப் பேரேட்டின் கணக்கு தீர்மானிக்கத் தொடங்கியது.

அந்தக் கணக்கு அழகு பார்க்காது. யாருக்குச் சொந்தம் குறைவோ அவருக்கே முன்னுரிமை. பத்துக் குட்டி போட்ட கம்பீரமான ஆண் ஓரம் கட்டப்படும். மூலையில் கிடந்த கிழட்டுப் பெண், கூட்டத்தில் அதன் வம்சம் வேறில்லை என்பதால் விமானம் ஏறும்.

இதன் கொடூரப் பக்கத்தை உலகம் பார்த்தது 2014 பிப்ரவரி 9 அன்று. கோபன்ஹேகன் பூங்கா மரியஸ் என்ற ஒன்றரை வயது ஒட்டகச்சிவிங்கியைச் சுட்டுக் கொன்று, குழந்தைகள் உட்பட பார்வையாளர்கள் முன் அறுத்துக் காட்டி, இறைச்சியைச் சிங்கத்துக்குப் போட்டது. நோயா? இல்லை. ஐரோப்பியக் கூட்டத்தில் அதன் உறவினர்கள் ஏற்கெனவே அதிகம். வேறு பூங்காக்கள் வாங்கிக்கொள்ள முன்வந்தன; அதையும் மறுத்துவிட்டார்கள். குட்டி பிறக்காமல் கருத்தடை செய்திருக்கலாமே என்றால், குட்டி போடுவதும் வளர்ப்பதும் விலங்கின் இயல்பு, அதைத் தடுப்பதைவிட மிஞ்சியதைக் கொல்வதே மேல் என்பது அவர்கள் வாதம். அமெரிக்கப் பூங்காக்கள் பெரும்பாலும் கருத்தடையைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. என் பார்வையில் பேரேடு சொன்னது மரியஸ் இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்பதை மட்டுமே. வாழ வேண்டாம் என்று சொன்னது பூங்கா. ஏட்டின் மேல் இப்படிப் பழி போடுவது சரியில்லை.

ஏடு சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியச் சிங்கங்களே சாட்சி. அமெரிக்கப் பூங்காக்களில் 'ஆசியச் சிங்கம்' என்று வளர்த்து வந்தவற்றின் மரபணுவை 1987இல் ஸ்டீபன் ஓ'பிரையனும் குழுவினரும் ஆராய்ந்தார்கள். முக்கியமான ஐந்து மூதாதையரில் இரண்டு ஆப்பிரிக்க ரத்தம் கொண்டவை என்று தெரிந்ததும் அந்தத் திட்டமே சரிந்தது. நம் நாட்டிலும் சண்டிகர் அருகே சத்பீர் பூங்காவில் சர்க்கஸிலிருந்து வந்த சிங்கங்களோடு கிர் சிங்கங்கள் கலந்து, கலப்புச் சிங்கங்கள் பெருகின. பிறகு இனப்பெருக்கத்தை நிறுத்தினார்கள். அவை நோய்ப்பட்டு ஒவ்வொன்றாகச் செத்தன.

1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்த பிறகு இந்தியாவிலும் ஏடுகள் ஒழுங்குக்கு வந்தன. இனவாரியான வம்சப் பதிவேடுகளைத் தொகுக்கும் வேலையில் டேராடூனின் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியகத்தில் எட்வர்ட் பால்ஃபோர் தொடங்கிய சென்னை மிருகக்காட்சிசாலை 1985இல் வண்டலூரில் அண்ணா உயிரியல் பூங்காவாக மாறியது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய சிங்கவால் குரங்கைக் காப்பதற்கான இனப்பெருக்கத்தில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. ஆனால் எந்தப் பூங்காவின் கூண்டுப் பலகையைப் பார்த்தாலும் விலங்கின் அறிவியல் பெயரும் உணவும் இருக்கும். அந்த ஒற்றை விலங்கு எங்கே பிறந்தது, தாய் யார் என்பது இருக்காது. பூங்காக்கள் அந்தக் கணக்கைச் சட்டப்படி வைத்திருக்க வேண்டும். அடுத்த முறை வண்டலூர் போகும்போது, அதைப் பலகையிலும் எழுதிவைக்கும்படி பார்வையாளர் புத்தகத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வாருங்கள்.