ரப்பர் உடன்படிக்கையும் தோட்டக் கூலியும்: பன்னாட்டு வணிகச் சட்டக் கல்விக்குப் பேரா மாநிலம் தரும் வரலாற்றுச் சான்று

முன்னுரை

பன்னாட்டு வணிகச் சட்டம் இன்று பல்கலைக்கழகச் சட்டப் புலங்களில் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. 1947ஆம் ஆண்டின் காட் உடன்படிக்கையில் தொடங்கி, 1995இல் உருவான உலக வணிக அமைப்பை நோக்கிச் செல்வதே அப்பாடத்தின் வழக்கமான வரிசையாகும். அச்சட்டம் அரசுகளுக்கும் பெருநிறுவனங்களுக்கும் மட்டுமே உரியது என்னும் எண்ணம் மாணவரிடையே எழுவது இயல்பு. ஆயின், பேரா மாநிலத்துத் தமிழ் மாணவர் பலரின் பாட்டனும் பாட்டியும் காட் தோன்றுவதற்கு முன்னரே அத்தகைய சட்டமொன்றின் கீழ்ப் பால் வெட்டியவர்கள் ஆவர். அச்சட்டம் 1934ஆம் ஆண்டின் பன்னாட்டு ரப்பர் ஒழுங்குமுறை உடன்படிக்கையாகும். அது தோட்டக் கூலியைத் தொட்ட விதத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

1. கட்டுப்பாட்டின் தோற்றம்

பேராவில் ரப்பர் வரலாறு 1877இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளோடு தொடங்குகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கை சிப்புட், ஈப்போ முதலிய ஊர்களைச் சூழ்ந்து தோட்டங்கள் பெருகின. அவற்றுக்கு வேண்டிய தொழிலாளரைக் கங்காணிமார் தமிழகச் சிற்றூர்களிலிருந்து திரட்டினர்.

உற்பத்தி பெருகியபோது விலை சரிந்தது. 1922 நவம்பரில் பிரித்தானியர் ஸ்டீவன்சன் திட்டத்தின்வழி ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினர். டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகள் அதில் சேராமையால் திட்டம் தளர்ந்து 1928இல் கைவிடப்பட்டது. ஒரு பேரரசின் சட்டம் மட்டும் உலகச் சந்தையை ஆளவியலாது என்னும் பாடத்தை அத்தோல்வி புகட்டியது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது விலை மீண்டும் படுவீழ்ச்சி அடையவே, 1934 மே 7ஆம் நாள் பிரிட்டன், நெதர்லாந்து, பிரான்சு, இந்தியா, சயாம் ஆகியவற்றின் அரசுகள் இலண்டனில் புதிய உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. மலாயாவின் சார்பில் ஒப்பமிட்டது பிரிட்டனே.

2. உடன்படிக்கை இயங்கிய முறை

உடன்படிக்கை ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அடிப்படை ஒதுக்கீட்டை வரையறுத்தது. 1934இல் மலாயாவுக்குரிய அளவு 504,000 டன். அதில் எத்தனை விழுக்காட்டை ஏற்றுமதி செய்யலாம் என்பதை இலண்டனிலிருந்த பன்னாட்டுக் குழு அவ்வப்போது முடிவு செய்தது. மிகுந்து கிடந்த இருப்பைக் குறைத்தலும், திறமையான உற்பத்தியாளருக்குத் தக்க ஆதாயம் தரும் விலையைப் பேணலும் அதன் குறிக்கோள்கள். ரப்பரை வாங்குவோரின் கருத்தைக் கேட்க ஆலோசனைக் குழுவொன்றும் அமைந்தது. பால் வெட்டுவோரின் பேராளருக்கு மட்டும் அங்கு இடமில்லை.

இலண்டனில் விழுக்காடு குறைந்தால் தோட்டத்தில் வெட்டும் மரங்கள் குறையும். சில வேலைக்காடுகளுக்கு ஓய்வு தரப்படும். பெரட்டுக் களத்தில் கூடுவோர் அனைவருக்கும் வேலை கிடைப்பது அரிதாகும். உடன்படிக்கையின் வாசகத்தில் இடம்பெறாத தொழிலாளியே அதன் விளைவை முதலில் உணர்ந்தார்.

3. 1938: இரு சட்டங்களின் சந்திப்பு

வீழ்ச்சிக்கு முன்னர் ஆண் தொழிலாளியின் நியமக் கூலி நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. வீழ்ச்சியின்போது ஆண் கூலியே 30 காசுக்கும் கீழிறங்கியது. 1936இன் இறுதியில் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய கூலியை மீட்டளிக்க வேண்டுமெனத் தம் அறிக்கையில் பரிந்துரைத்தார். 1937இல் அது நிறைவேறியது. அவ்வாண்டின் பிற்பாதியில் ஏற்றுமதி அளவும் 90 விழுக்காடாக உயர்ந்திருந்தது.

அமெரிக்காவில் தொழில்மந்தம் ஏற்பட்டு டயர்களுக்கான தேவை குன்றியதும் நிலை மாறியது. ஏற்றுமதி அளவு 1938இன் முதற்காலாண்டில் 70 விழுக்காடாகவும், இரண்டாம் காலாண்டில் 60 ஆகவும், பிற்பாதியில் 45 ஆகவும் குறைக்கப்பட்டது. இதற்கிடையே ஆண் கூலி 45 காசாக வெட்டப்பட்டது. இந்திய அரசு 1922ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின் அதிகாரத்தைப் பயன்படுத்தி, 1938 ஜூன் 15 முதல் உதவிபெற்ற தொழிலாளர் குடிபெயர்வைத் தடை செய்தது. கங்காணிவழி ஆள்திரட்டும் முறை அத்தோடு முடிவுற்றது.

இங்கு ஒரு முரண் நோக்கத்தக்கது. கூலியைக் காக்கத் தடை விதித்த இந்திய அரசே, 1934இல் உற்பத்தியைக் குறைக்கும் உடன்படிக்கையிலும் ஒப்பமிட்டிருந்தது. வணிகச் சட்டத்தில் உற்பத்தி நாடாகவும், குடிபெயர்வுச் சட்டத்தில் தொழிலாளரின் காவலாகவும் அது நின்றது. இவ்விரு நிலைகளையும் இணைக்கும் விதி எதுவும் அன்று இல்லை.

4. பிற்கால உடன்படிக்கைகள்

நேர்மையான தொழில்தரம் பற்றிய பகுதி 1948ஆம் ஆண்டின் அவானா சாசனத்தில் இடம்பெற்றது. ஆனால் அச்சாசனம் நடைமுறைக்கு வரவேயில்லை. 1979ஆம் ஆண்டின் பன்னாட்டு இயற்கை ரப்பர் உடன்படிக்கை தொழிலாளரின் வாழ்க்கைத் தரத்தை உயர்த்த உறுப்பு நாடுகள் முயலும் என்றது. முயற்சி என்னும் சொல், முறையிடும் உரிமை ஆகாது. கோலாலம்பூரைத் தலைமையகமாகக் கொண்டிருந்த அவ்வமைப்பும் 1999இல் முடிவுக்கு வந்தது.

முடிவுரை

பன்னாட்டு வணிகச் சட்டத்தை உடன்படிக்கையின் வாசகத்தைக் கொண்டு மட்டும் கற்பின், அதில் மரமும் டன்னும் விலையும் தெரியும், மனிதர் தெரியார். தொழிலாளர் வரலாற்றை மட்டும் கற்பின், கூலியை வெட்டிய கை தோட்டத் துரையினுடையதாகவே தோன்றும். இலண்டன் குழுவின் விழுக்காடு மறைந்துவிடும். ஆகவே சட்டப் புலமும் இந்திய ஆய்வியல் துறையும் இவ்வரலாற்றை இணைந்து கற்பிப்பது பயன் தரும். பேராவின் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனைக் காடுகளாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. லயன் வீடுகளோடு சம்பளச் சீட்டுகளும் செக்ரோல் ஏடுகளும் மறைகின்றன. எஞ்சியவற்றைத் தமிழாசிரியர்கள் தம் மாணவரைக் கொண்டு தொகுப்பின், உடன்படிக்கையின் எண்களோடு ஒப்பிட்டு ஆராயத்தக்க மூலச் சான்று சட்ட மாணவருக்குக் கிட்டும்.