இராமபாணப் பூச்சி

சிறகற்ற வீட்டுப் பூச்சி. வெள்ளிப்பூச்சி என்றும் சொல்வர். 1758இல் லின்னேயஸ் இதற்கு லெப்பிஸ்மா சாக்கரினா எனப் பெயரிட்டார். சுமார் 1 செ.மீ. நீளம், வெள்ளிச் செதில், வாலில் மூன்று இழைகள். புத்தகத்தைத் திறந்ததும் வெளிச்சத்துக்கு அஞ்சி அட்டை இடுக்குக்குள் நெளிந்தோடும். உணவு மாவுப்பசை, காகிதம், கஞ்சி போட்ட பருத்தித் துணி. தாளின் மேற்பரப்பைச் சுரண்டி, ஓரங்களை ஒழுங்கில்லாமல் அரிக்கும். ஏடுகளில் காணும் உருண்டைத் துளைகள் பெரும்பாலும் வண்டுப் புழுக்களின் வேலை; பழி மட்டும் இதற்கு!

ஈரக்காற்று இதற்கு உயிர். தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில், குறிப்பாக அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், பழைய வீடுகளின் சுவரலமாரிகள் இதற்கு வாய்ப்பான இடம். இதே முத்துக்குளித்துறைக் கரையின் புன்னைக்காயலில் 1586இல் அச்சேறியதாகச் சொல்லப்படும், பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸின் தமிழ் நூலான ‘அடியார் வரலாறு’ பிரதி இன்று வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. ஈரமும் இப்பூச்சியும் உள்ள இக்கரையில் காகிதத்தைக் காப்பது எளிதன்று.

கட்டுப்பாட்டில் முதல் வேலை ஈரத்தை ஒழிப்பது: குழாய்க் கசிவை அடைத்து, அலமாரியைச் சுவரிலிருந்து தள்ளிவைத்து, அடுக்குகளை அடிக்கடி உதறித் துடைக்க வேண்டும். வேப்பிலையும் அந்துருண்டையும் ஓரளவே விரட்டும். இடுக்குகளில் தூவும் போரிக் அமிலத்தூள் கொல்லும். அதைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.