பட்டம்மாளின் கை

1924இல் அச்சேறிய 'இந்திர மோகனா' நாடகத்தின் ஆசிரியர் வை.மு.கோதைநாயகி அம்மாள். ஆனால் அதைத் தாளில் எழுதியது அவர் கை அல்ல. அவர் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். 1901இல் பிறந்து, ஐந்தரை வயதில் மணம் முடிக்கப்பட்ட கோதைநாயகிக்குப் பள்ளிப்படிப்பு வாய்க்கவில்லை. கதை கட்டத் தெரியும், எழுத வராது. எழுதக் கற்றுக்கொண்ட பிறகு நாடகம் எழுதலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. தோழியின் கையை வாங்கிக்கொண்டு தொடங்கினார். எழுத்துப் பழக்கம் பின்னால் வந்தது.

எழுத வரும் பெண்களுக்கு நம் இலக்கிய வரலாறு தரும் முதல் பாடம் இது. எழுத்து தனிமையில் பிறக்கிறது என்பது, எழுதும் நேரத்தில் யாரோ சமைத்துப் போட்டவர்கள் சொன்ன கதை. பெண்களின் எழுத்துக்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு பெண் இருந்திருக்கிறாள். அவள் பெயர்தான் அட்டையில் இருப்பதில்லை.

எழுதுவது ஏன் இவ்வளவு கடினம்? 19ஆம் நூற்றாண்டில் வங்காளத்தில் தன் வாழ்க்கையை எழுதிய ராசசுந்தரி தேவி இதற்குத் தெளிவான விடை தருகிறார். ஒரு நூலின் ஏட்டை அடுக்களையில் ஒளித்துவைத்து, யாருக்கும் தெரியாமல் அவர் வாசிக்கக் கற்றார். எழுதக் கற்றதோ பல ஆண்டுகள் கழித்து, கடிதம் போடும்படி மகன் கேட்டபோது. வாசிப்பை மறைக்கலாம். எழுத்துக்குத் தாள், மை, பேனா, மைக்கூடு வேண்டும். நாலு பேர் பார்க்க உட்கார வேண்டும். பெண் வாசிப்பதைவிட, உட்கார்ந்து எழுதுவதே வீட்டின் ஒழுங்கை அதிகம் கலைத்தது.

கோதைநாயகி அதற்கும் ஒரு படி மேலே போனார். 1925இல் நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' இதழை வாங்கி நடத்தத் தொடங்கினார். வர்ஜீனியா வுல்ஃப் 1928இல் கேம்பிரிட்ஜ் மாணவிகளிடம் பெண் எழுதத் தனி அறையும் ஆண்டுக்கு 500 பவுண்டும் வேண்டும் என்ற கருத்தை முன்வைத்துப் பேசியபோது, திருவல்லிக்கேணியில் ஒரு பெண் ஏற்கெனவே மாதப் பத்திரிகையின் ஆசிரியர். பிறர் இதழ்களின் வாசலில் அவர் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த இதழுக்கு அத்தியாயம் வேண்டும் என்ற கட்டாயமே அவரை எழுதவைத்தது. நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் அப்படித்தான் வந்தன. நாட்டு விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றபோதும் எழுத்தை விடவில்லை.

இந்தக் கதையில் மறைக்கக் கூடாத ஒன்று உண்டு. கணவர் பார்த்தசாரதி அவருக்குத் துணையாக இருந்தார். துணை இல்லாத வீடுகளிலும் கதை சொல்லும் பெண்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. ஆகவே கோதைநாயகியின் வெற்றியைக் காட்டி, 'மனம் இருந்தால் எழுதலாம்' என்று யாருக்கும் உபதேசம் செய்ய முடியாது. மனத்தோடு அனுமதியும் தேவைப்பட்டது என்பதே வரலாறு.

அனுமதி இன்றும் முழுதாக ஒழிந்துவிடவில்லை. அதனால்தான் எழுத விரும்பும் பெண்ணிடம் 'தினமும் அதிகாலையில் எழுந்து எழுது' என்று மட்டும் சொல்வது போதாது. அதிகாலையில் யார் வீட்டில் யார் அடுப்புப் பற்றவைக்கிறார் என்பதையும் கேட்க வேண்டும். அந்த வேலையைப் பங்கு போடச் சொல்வதும் எழுத்துப் பயிற்சிதான்.

பிழையில்லாமல் எழுத வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உங்கள் பட்டம்மாளைத் தேடுங்கள்: சொன்னால் எழுதித் தருபவர், எழுதினால் வாசித்துச் சொல்பவர், அரை நாள் உங்கள் குழந்தையைப் பார்த்துக்கொள்பவர். இன்னொருத்திக்கு நீங்களும் அப்படி இருங்கள். இதழ்கள் இடம் தராவிட்டால் பத்துப் பேர் சேர்ந்து ஓர் இதழ் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் கை கொடுத்தவர்களின் பெயரை அச்சிடுங்கள்.