சகலமானவர்களுக்கும்: சாட்டும் சபையும்



உள்ளாட்சி வரலாற்றைப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் உத்திரமேரூரிலிருந்துதான் தொடங்குவார்கள். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, குடவோலை, ஓலையை எடுக்க ஒரு சிறுவன் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். அது ஒரு பிரமதேயத்துச் சபை. குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் வரி கட்டும் நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் வேண்டும். இந்தச் செய்தி பாடப்புத்தகத்தில் அவ்வளவு அழுத்தமாக வருவதில்லை. நம் பாட்டன்மார் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்க முடியாது. ஆகவே நான் வேறோர் இடத்திலிருந்து தொடங்குகிறேன். சபை கூடுகிறது என்று தெருவில் வந்து சொன்னவன் யார்?

மகாராஜபுரம் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். வத்திராயிருப்பிலிருந்து தாணிப்பாறை வழியாகச் சதுரகிரி ஏறப் போகிறவர்களுக்குத் தெரிந்த பெயர். இந்த வட்டாரத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் கேட்டால், அரசாங்கம் என்பது முதலில் ஒரு சத்தமாகத்தான் அவர்கள் காதுக்கு வந்தது என்பார்கள். தெருமுனையில் தப்பு நாலு தட்டுத் தட்டும். பிறகு ஒரு குரல்: “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால்...” கண்மாய் மடை திறக்கப் போகிறார்கள். கிஸ்தி கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. கண்மாய் மீனும் புளியமரமும் ஏலத்துக்கு வருகின்றன. அம்மை குத்த ஆள் வருகிறார். யார் வீட்டிலோ ஜப்தி. நம் பக்கத்தில் இதற்குச் சாட்டுதல் என்று பெயர். அரசாங்கக் காகிதத்தில் தண்டோரா.

அந்தக் குரலுக்கு உரியவரின் சாதி என்ன என்று இந்த அவையில் விளக்க வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் அது பறையராகவோ அருந்ததியராகவோ இருந்திருக்கலாம். பெரும்பாலும் வேறு யாராகவும் இருந்ததில்லை.

செய்தி சொல்லும் வேலை எப்போதும் இழிவாக இருந்ததா? இல்லை என்பதற்கு மணிமேகலையே சாட்சி. அதன் முதல் காதைக்குப் பெயரே விழாவறை காதை. இந்திர விழா வரப்போகிறது என்று புகார் நகருக்கு அறிவிக்கிறார்கள். முரசு யானையின் பிடரியில் இருக்கிறது. அறிவிப்பவன் பழமையான குடியில் பிறந்தவன் என்று மதிப்போடு சொல்கிறார் சாத்தனார். யானை மேலிருந்த அந்தக் குரல் கால்நடையாகத் தெருவில் இறங்கியது எப்போது, எப்படி என்பது தனியாக எழுதப்பட வேண்டிய வரலாறு. பறைதல் என்றால் சொல்லுதல். மலையாளத்தில் இன்றும் அதுதான் அன்றாடப் பேச்சு. சொல்லுகிறவனின் பெயரே வசைச்சொல்லாக மாறியதென்றால், இடையில் நடந்தது சிறிய காரியமாக இருக்க முடியாது.

அரசாங்கச் செய்தி மட்டுமல்ல, ஊர்ச் செய்தியும் நம் தோளில்தான் போனது. குறிப்பாகக் கேதம் சொல்லப் போவது. ஊரில் பெரிய வீட்டில் சாவு விழுந்தால், சொந்தபந்தம் இருக்கும் ஊருக்கெல்லாம் ராவோடு ராவாக நடந்து போய்ச் சொல்ல வேண்டும். போய்ச் சேர்ந்தவர் அந்த வீட்டுக்குள் நுழைய முடியாது. வாசலுக்கு வெளியே நின்று சொல்ல வேண்டும். பெற்ற தாய் இறந்த செய்தியை ஒரு மனிதர் சொல்லக் கேட்டு உள்ளே எல்லோரும் அழுவார்கள். சொன்னவர் தெருவில் நிற்பார். இவ்வளவு அந்தரங்கமான ஒரு செய்தியைச் சுமந்து வந்தவரைத் திண்ணையில் உட்காரச் சொல்லக்கூட மனம் வராத சமூகத்தைத்தான் கிராமக் குடியரசு என்று சிலர் புகழ்ந்தார்கள்.

இதற்குக் கூலி அறுவடைக் களத்தில் கிடைக்கும் தானியம். அந்தப் பங்குக்குப் பழைய வருவாய்க் கணக்குகளிலும் கிராமப் பேச்சிலும் வழங்கிய பெயர் ‘சுதந்திரம்’. 1947க்கு வெகுகாலம் முன்பே நமக்குச் சுதந்திரம் இருந்தது, தோழர்களே. மரக்கால் கணக்கில் இருந்தது. களத்துக்காரர் மனம் வைத்தால் அளப்பார்.

சாட்டச் சொன்னவர் யார் என்பதையும் பார்க்க வேண்டும். கிராம முன்சீப். அவருக்குப் பக்கத்தில் கர்ணம். கீழே தலையாரி, வெட்டியான். முன்சீப்புக்கு வெறும் வரி வசூல் அதிகாரம் மட்டும் இருக்கவில்லை. சென்னை மாகாணத்தின் 1816ஆம் ஆண்டு 11ஆம் ஒழுங்குச் சட்டம் கிராமத் தலைவருக்குச் சிறு குற்றங்களை விசாரித்துத் தண்டிக்கும் உரிமையைக் கொடுத்தது. பொதுவாகக் குற்றவாளியை 12 மணி நேரம் வரை சாவடியில் அடைத்து வைக்கலாம். குற்றவாளி தாழ்ந்த சாதியாராக இருந்தால் 6 மணி நேரம் வரை தொழுக்கட்டையில் மாட்டலாம். ஒரே குற்றம், இரண்டு தண்டனை. ஆங்கிலேயன் சாதிக்கு வெளியே நின்றான் என்று எண்ணுகிறவர்கள் இந்தப் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கலாம். காலையில் சாட்டச் சொல்லி அனுப்பும் கைக்கு மாலையில் கட்டையில் மாட்டவும் சட்டம் இருந்தது.

இந்தப் பின்னணியில்தான் 1893இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னையில் ‘பறையன்’ என்ற பெயரில் பத்திரிகை தொடங்கியதை நான் வாசிக்கிறேன். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்ததையும் அப்படித்தான். பிறர் சொல்லச் சொன்னதைச் சொல்லிவந்த சமூகம், தான் சொல்ல நினைத்ததை அச்சிலேற்றியது. செய்தியைச் சுமப்பதற்கும் செய்தியை ஆக்குவதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் தாண்டினார்கள்.

அதே சீனிவாசன் 1924இல் சென்னைச் சட்ட மேலவையில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாவற்றிலும் ஒடுக்கப்பட்டோருக்கு மற்றவர்களைப் போலவே உரிமை உண்டு என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது, அரசாணையும் வந்தது. என் கவனம் அதன் பிறகு வரும் கேள்வியில் இருக்கிறது. கோட்டையில் போட்ட அந்த ஆணை, அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த திருவில்லிபுத்தூர்த் தாலுகாவின் கிராமத் தெருவுக்கு எந்த வழியாக வந்து சேரும்? முன்சீப் மனம் வைத்துச் சாட்டச் சொன்னால் வரும். சாட்டுகிறவர் யார்? எந்தத் தெருவில் நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டாரோ அவரே. ‘இந்தத் தெருவில் நான் நடக்கலாம்’ என்று அந்தத் தெருவில் போய் அவரே தப்படித்துச் சொல்ல வேண்டும். தன் விடுதலையைத் தானே அறிவிக்கக் கூலிக்கு அமர்த்தப்பட்டவர் நிலையை நினைத்துப் பாருங்கள். முன்சீப் சொல்லாமல் விட்டுவிட்டால் ஆணை வந்ததே தெரியாது.

தெரிந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பதிவுகள் காட்டுகின்றன. ஆணை வந்து ஆறு, ஏழு ஆண்டுகளில், 1930இலும் 1931இலும், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிதிராவிடர் மீதும் தேவேந்திரகுல வேளாளர் மீதும் முதலில் எட்டு, பிறகு பதினொன்று என்று தடைகள் போடப்பட்டன. ஹட்டன் தன் நூலில் அவற்றை வரிசையாகத் தந்திருக்கிறார். முழங்காலுக்குக் கீழே வேட்டி கூடாது, பொன் நகை கூடாது, பிள்ளைகள் படிக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: தங்கள் கல்யாணத்தில் மேளம் வைக்கக் கூடாது. சர்க்காருக்கு அடிக்கலாம், ஊர்ச் சாவுக்கு அடிக்கலாம், தன் மகள் கல்யாணத்துக்கு அடிக்கக் கூடாது! பிரச்சினை ஒருநாளும் தோல் கருவியாக இருந்ததில்லை. யார் ஏவி, யாருக்காக அது ஒலிக்கிறது என்பதுதான்.

நாடு விடுதலையடைந்த பின் வந்த 1950ஆம் ஆண்டின் சென்னைக் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம், நம் பக்கத்து இராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறியது. 1958இல் காமராஜர் ஆட்சியில் வந்த சட்டம் ஊராட்சி ஒன்றியங்களை உண்டாக்கியது. இரண்டு பேரும் இந்த மண்ணுக்காரர்கள் என்பதில் மாவட்டத்துக்குப் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் முன்சீப்பும் கர்ணமும் அப்படியே இருந்தார்கள். பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1932இலேயே கிராமப் பஞ்சாயத்து மசோதாவை எதிர்த்து அண்ணல் அம்பேத்கர் பேசினார். ஒடுக்கப்பட்டோருக்குத் தனிப் பிரதிநிதித்துவம் இல்லாத பஞ்சாயத்து ஆதிக்கச் சாதிகளின் கைக்கருவியாகும் என்ற அவருடைய கவலையை இங்கே யாரும் காதில் வாங்கவில்லை. அரசியலமைப்பின் 73ஆம் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வரும் வரை, அறுபது ஆண்டுகள் அந்தக் கவலை காத்துக்கிடந்தது.

இடையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பரம்பரைக் கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. வழக்குப் போட்டார்கள்; 1982இல் உச்சநீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலர் வந்தார். நம் பிள்ளைகளும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள். முன்சீப் வீட்டுத் திண்ணையில் இருந்த அரசாங்கம் அங்கிருந்து எழுந்து போனது. இதை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மேலே இருந்த பரம்பரையை ஒரே நாளில் ஒழிக்க முடிந்தது. கீழே இருந்த பரம்பரை, தப்படித்துச் சாட்டுகிற பரம்பரை, அரசாங்கத்தின் கண்ணில் படவே இல்லை. 2022 ஆகஸ்டில்தான் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். இன்னும் சில இடங்களில் தண்டோரா போடப்படுகிறது, அறிவியல் வளர்ந்துவிட்ட காலத்தில் அது தேவையில்லை, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்கலாம், மீறினால் நடவடிக்கை என்றது அந்தக் கடிதம். 1980இலிருந்து 2022 வரை 42 ஆண்டுகள். அதற்குள் எத்தனையோ ஊர்களில் நம் ஆட்கள் தாங்களாகவே தப்பைக் கீழே வைத்திருந்தார்கள். அதற்காகக் கூலி மறுக்கப்பட்டு, கடையில் சாமான் மறுக்கப்பட்டு, ஊர்விலக்கம் பட்டவர்கள் பலர். கடிதம் அவர்களுக்குப் பின்னால்தான் வந்தது.

அதே ஆகஸ்டில் அதே அலுவலகத்திலிருந்து இன்னொரு கடிதமும் போனது. சுதந்திர தினத்தன்று பட்டியல் சாதி ஊராட்சித் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை ஆட்சியர்கள் உறுதிசெய்ய வேண்டும் என்பது அது. இரண்டு கடிதங்களையும் நான் ஒன்றாகவே வைத்துப் படிக்கிறேன். ஒன்று, சாட்டுகிறவரைத் தெருவிலிருந்து விடுவிக்கிறது. மற்றொன்று, சபைக்குத் தலைவரானவரைச் சபைக்குள் விடச் சொல்லிக் கெஞ்சுகிறது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டபோது எங்கிருந்து வந்துகொண்டிருந்தார்? எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு இழப்பீடு கேட்டு ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தார். அரசாங்கத்திடமிருந்து தன் மக்களுக்குச் செய்தி கொண்டுவந்த தலைவர் அவர். முன்சீப் ஏவாமல் தானே போய்க் கேட்டு வந்த செய்தி. அதைத்தான் அவர்களால் பொறுக்க முடியவில்லை. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு நம் விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தலும் சேர்ந்து, 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் தனி ஊராட்சித் தேர்தலை நடக்கவிடாமல் செய்ததும், நடந்தால் வென்றவரை உடனே விலகவைத்ததும் நமக்குத் தெரியும். 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரான பெண் தரையில் உட்கார, மற்ற உறுப்பினர்கள் நாற்காலியில் இருந்த படத்தையும் பார்த்தோம்.

தப்பு நின்றுவிட்டது. இப்போது செய்தி எப்படி வருகிறது? ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி, பதிவுசெய்த குரல். ஊராட்சிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு. முன்பு சேரிக்காரர்தான் ஊருக்குச் செய்தி சொன்னார் என்பதால், ஒரு விசித்திரமான வசதி இருந்தது: ஊருக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்கும். இன்று ஆட்டோ மெயின் ரோட்டோடு திரும்பிவிட்டால் காலனிக்குச் சத்தம் வராது. குழுவில் யாரைச் சேர்ப்பது என்பது கைபேசி வைத்திருப்பவரின் விருப்பம். எனக்குத் தெரிந்த ஓர் ஊராட்சியில் கிராம சபை அறிவிப்பை அலுவலகக் கதவில் ஒட்டினார்கள். அன்றெல்லாம் கதவு பூட்டியே கிடந்தது. இழிவு போனது சரி, இழப்பு வந்துவிடக் கூடாது. தண்டோராவை நிறுத்தச் சொன்னவர்கள் நாம்தான். அதனால் அதன் இடத்தில் வருவதைக் கண்காணிக்கும் பொறுப்பும் நமக்குத்தான் கூடுதல்.

இதில் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில விஷயங்கள் உண்டு. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி, வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22உம் நவம்பர் 1உம் சேர்ந்து இப்போது ஆண்டுக்கு ஆறு கூட்டம். ஏழு நாள் முன்பே அறிவிக்க வேண்டும். ஒரே இடத்தில் கூட்டாமல் சுழற்சியாக நடத்த வேண்டும் என்பது அரசின் அறிவுரை. அப்படியானால் காலனியிலும் கூட வேண்டும். உங்கள் ஊரில் கடைசியாக எப்போது காலனியில் கூடியது என்று தீர்மானப் புத்தகத்தைக் கேட்டுப் பாருங்கள். தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் கைக்குப் போனது. 2016க்கும் 2019க்கும் நடுவிலும் இதே கதைதான். உறுப்பினர் இல்லாத காலத்தில் கேட்பவர் இல்லையென்றால், மேலிருந்து சொல்வது மட்டுமே செய்தியாகிவிடும்.

இன்னொரு வேலையும் காத்திருக்கிறது. அதற்கு அதிக நாள் இல்லை. வத்திராயிருப்பு, மகாராஜபுரம், கூமாபட்டி, திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் ஒரு காலத்தில் சாட்டியவர்கள் சிலர் இன்னும் உயிரோடிருக்கக் கூடும். எழுபது, எண்பது வயது. அவர்களிடம் போய் உட்காருங்கள். எந்தத் தெருவில் தொடங்கினீர்கள், எந்தத் தெருவில் செருப்பைக் கழற்றினீர்கள், எதைச் சொல்லச் சொன்னார்கள், எதைச் சொல்லாதே என்றார்கள், உங்கள் தெருவில் சாட்டினீர்களா இல்லையா, யார் களத்தில் எத்தனை மரக்கால் கிடைத்தது, எந்த வருஷம் இனி அடிக்க மாட்டேன் என்று சொன்னீர்கள், அன்றைக்கு ராத்திரி வீட்டில் என்ன நடந்தது? அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே, அவர்கள் பேச்சிலேயே எழுதி வாருங்கள்.