அங்கதமும் எள்ளலும்

மரக்காணம் உப்பளங்களுக்குத் தெற்கே, விழுப்புரம் மாவட்டத்தில், இரும்பை என்றோர் ஊர் உண்டு. தேவாரப் பாடல் பெற்ற தலம் அது. கோயில் விழாவில் ஆடிய நங்கையின் காற்சிலம்பு கழன்று விழ, தவசியான கடுவெளிச் சித்தர் அதனை எடுத்து அவள் காலில் அணிவித்தார் என்றும், கூடியிருந்தோர் கைகொட்டி நகைத்தனர் என்றும், மனம் நொந்து அவர் பாடவே சிவலிங்கம் பிளந்து, நிலமும் வறண்டது என்றும் அவ்வூர்க் கதை கூறும். கதையின் மெய்ம்மையை ஆராய்வது நம் நோக்கமன்று. அந்நகைப்புக்குப் பெயர் யாது? அங்கதமா, எள்ளலா?

தொல்காப்பியர் அங்கதத்தைச் செய்யுளியலில் வைத்தார். வெளிப்படையாகப் பழிப்பது செம்பொருள் அங்கதம். வசை என்பதும் அதுவே. பழியை மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். எள்ளலையோ மெய்ப்பாட்டியலில், நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் ஒன்றாக வைத்தார். ஒன்று சொல்லின் தொழில். மற்றொன்று நெஞ்சின் நிலை.

அதியமானின் தூதாகச் சென்ற ஒளவையார், தொண்டைமானின் படைக்கலங்கள் நெய் பூசப்பெற்று, மாலை சூடி, அழகுற விளங்குவதைப் புகழ்ந்தார்; தம் மன்னனின் வேல்களோ நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகக் கூறினார். போர் காணாத படை என்னும் பழி அப்புகழுக்குள் மறைந்திருந்தது. போரைத் தவிர்க்க எழுந்த அங்கதம் அது.

அரபியர் வசைக்கவியை ‘ஹிஜா’ என்பர். குறைஷியரின் வசைக்கு விடையிறுக்க ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இசைவளித்தார்கள். ஆயின் ஹுதைஆ என்னும் புலவர், ஜிப்ரிகான் என்ற தலைவரை, உணவும் உடையும் நிரம்பப் பெற்றவர் என வாழ்த்துவார்போலப் பாடினார். மேன்மையைத் தேடும் தகுதி அவருக்கில்லை என்பதே உட்பொருள். வழக்கு கலீஃபா உமர் (ரலி) அவர்களிடம் சென்றது. அதில் வசை காணவில்லை என்ற அவர்கள், ஹஸ்ஸானை அழைத்துக் கேட்டார்கள். வசையினும் கொடியது என்றார் அவர். பழிகரப்பு அங்கதம் அரபு மண்ணிலும் வழங்கியமைக்கு இதுவே சான்று. புலவர் சிறைப்பட்டார். பின்னர் உமர் (ரலி) அவர்கள் 3000 திர்ஹம் ஈந்து, முஸ்லிம்களின் மானத்தை அவர் நாவினின்றும் விலைக்கு வாங்கினார்கள் என நூல்கள் கூறும்.

அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் பிறரை எள்ளுவதையும், பட்டப்பெயரிட்டு அழைப்பதையும் விலக்குகின்றது. எள்ளப்படுவோர் எள்ளுவோரினும் மேலானவராய் இருத்தல் கூடும் என்பதே அங்குக் கூறப்படும் காரணம்.

இரும்பையில் நகைத்தோர் சித்தரின் நெஞ்சை அறிந்தாரல்லர். அவர்தம் செயல் எள்ளலேயன்றி அங்கதமன்று. மன்னன்முன் நின்று ஒளவையார் மொழிந்தது அங்கதம். கூட்டத்தில் ஒளிந்து தனியொருவரைப் பார்த்துச் சிரிப்பது எள்ளல். திருமண வீட்டிலும் தெருத் திண்ணையிலும் நம் நா அசையுமுன், இவ்விரண்டனுள் எது என்று நாமே கேட்டுக்கொள்வோமாக.