பன்னிரண்டு வோல்ட் என்னும் பெயர்

வீட்டு வேனின் கூரைமீது தாமே சூரியத் தகடு பொருத்த முனைவோர் பெரும்பாலும் கேட்டு வாங்குவது ‘12 வோல்ட் தகடு’. அதனை நண்பகல் வெயிலில் வைத்து மல்ட்டிமீட்டரால் அளந்தால் 12 வோல்ட் காட்டாது. எதனோடும் இணைக்காத நிலையில் ஏறத்தாழ 21 அல்லது 22 காட்டும். முழுத்திறனில் இயங்கும்போது 18 அளவில் நிற்கும். அவ்வாறாயின் 12 என்பது எதன் அளவு? அது அளவன்று, பெயர். எந்தப் பேட்டரிக்குத் துணையாக அத்தகடு பிறந்தது என்பதைச் சொல்லும் ஓர் உறவுப்பெயர். இப்பெயரைப் பின்தொடர்ந்தால், சூரிய மின்சாரத்தின் வழக்கமான வரலாற்றில் அரிதாகவே இடம்பெறும் சில மனிதர்களைச் சந்திக்க நேரிடுகிறது.

வழக்கமான வரலாறு பலரும் அறிந்ததே. 1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தார் சிலிக்கான் சூரிய மின்கலத்தைப் பொதுவெளியில் இயக்கிக் காட்டினர். டேரில் சேப்பின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய மூவரின் ஆக்கம் அது. வெயிலில் ஏறத்தாழ 6 விழுக்காட்டை மின்சாரமாக மாற்றியது. (வெப்பமும் ஈரமும் மிக்க நாடுகளில் தொலைபேசிக்கான உலர் மின்கலங்கள் கெட்டுப்போவதற்கு மாற்றுத் தேடியே சேப்பின் இவ்வழிக்கு வந்தார் என்பது நம் பாடநூல்கள் சொல்லத்தக்க செய்தி.) 1958இல் வான்கார்டு 1 செயற்கைக்கோள், 1973இல் எண்ணெய் நெருக்கடி, அதன்பின் அரசின் ஆய்வுத்திட்டங்கள். ஆய்வகம், விண்வெளி, அரசு என்னும் இந்த வரிசையில் வண்டிக்கூரைக்கு இடமில்லை.

ஆனால் வண்டிக்கூரை இதற்கிடையில் சும்மா இருக்கவில்லை. 1955இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வில்லியம் காப் சூரிய ஒளியில் ஓடும் சிற்றுருவக் காரொன்றைச் சிகாகோவில் காட்டினார். 1960இல் 1912ஆம் ஆண்டின் பேக்கர் மின்காரொன்றின் கூரையில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மின்கலங்கள் பதிக்கப்பட்டன. இரண்டும் வேடிக்கைப் பொருள்களாகவே நின்றன. வண்டியையே வெயிலால் ஓட்ட வேண்டும் என்னும் பேராசை அவற்றில் இருந்தது. வீட்டு வேனில் அந்த ஆசை கைவிடப்பட்டது. வண்டியை எண்ணெய் இழுக்கும். விளக்கு, விசிறி, நீர்ப்பம்பு ஆகியவற்றைத் தகடு பார்த்துக்கொள்ளும். வெற்றி பெற்றது இந்தச் சிறிய ஆசைதான்.

அதற்கு அடித்தளமிட்டது சூரியன் அன்று, கார்த் தொழில். 1950களின் நடுவில், பெரிய எஞ்சின்களைக் கிளப்ப 6 வோல்ட் போதாமையால், அமெரிக்கக் கார்கள் 12 வோல்ட்டுக்கு மாறின. அதன் விளைவாக 12 வோல்ட் விளக்கும் வானொலியும் நீர்ப்பம்பும் சந்தையில் மலிந்தன. மின்கம்பிக்கு அப்பால் வாழத் துணிந்தவருக்கு ஒரு முழு வீட்டின் கருவிகள் காரின் உதிரிப்பாகக் கடையிலேயே கிடைத்தன.

அவ்வாறு துணிந்தோர் 1970களில் வடக்குக் கலிஃபோர்னியாவின் மலைக்காடுகளில் குடியேறினர். அவர்களுள் ஒருவர் ஜான் ஷேஃபர். தாம் வாழ்ந்த கூட்டுக்குடியிலிருந்து நகர வேலைக்குப் போய்வரும்போது காரில் கூடுதலாக ஒரு பேட்டரியை வைத்து மின்னேற்றி, இரவில் அதைக்கொண்டு வீட்டில் விளக்கெரித்தார், தொலைக்காட்சியும் பார்த்தார். அதாவது வீட்டுக்கு வண்டி மின்நிலையமாக இருந்தது. 1978இல் அவர் வில்லிட்ஸ் என்னும் சிற்றூரில் ரியல் குட்ஸ் என்னும் கடையைத் திறந்து, சூரியத் தகடுகளைச் சில்லறையில் விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பே எலியட் பெர்மன், எண்ணெய் நிறுவனமான எக்சானின் முதலீட்டில், குறைக்கடத்தி ஆலைகள் கழித்த சிலிக்கானைப் பயன்படுத்தி, ஒரு வாட்டின் விலையை 100 டாலரிலிருந்து 20 டாலர் அளவுக்கு இறக்கியிருந்தார். கடலில் எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளே அவருடைய பெரிய சந்தை. மலைக்காட்டிலோ வாங்கியவர்களுள் கணிசமானோர் கஞ்சா பயிரிட்டவர்கள். கையில் ரொக்கம் இருந்தது. மின்வாரியத்துக்கு முகவரி கொடுக்க விருப்பமில்லை. கௌரவமான வரலாறுகள் இவர்களைப் பேசத் தயங்குவதன் காரணம் புரிகிறது. எனினும் வீட்டுத் தேவைக்கான தகட்டுக்கு அரசு மானியம் பரவலாவதற்கு முன்பே ரொக்கம் எண்ணிக் கொடுத்தவர்கள் அவர்கள்.

இனி அந்த 18 வோல்ட்டுக்கு வருவோம். ஒரு சிலிக்கான் மின்கலம் இயங்கும்போது ஏறத்தாழ அரை வோல்ட் தரும். ஈய அமிலப் பேட்டரி முழுமையாக மின்னேற 14.4 வோல்ட் அளவு வேண்டும். வெயிலில் தகடு சூடேறச் சூடேற அதன் வோல்ட் குறையும். கம்பியில் சிறிது போகும். இரவில் மின்சாரம் திரும்பி ஓடாமல் தடுக்கும் டயோடில் சிறிது போகும். இவற்றுக்கெல்லாம் இடம்விட்டுக் கணக்கிட்டால் 36 மின்கலங்களைத் தொடராகக் கோக்க வேண்டும். ஆகவே தகட்டின் உடலமைப்பே கார் பேட்டரியின் வார்ப்பு. கூரை வேலை செய்வோர் கைமாற்றிவந்த விதிகளும் இக்கணக்கிலிருந்து பிறந்தவையே. கூரைக்கும் தகட்டுக்கும் இடையில் காற்றோட விரலளவு இடைவெளி விடுவது சூட்டைத் தணிக்க. காற்றுப்போக்கியின் நிழல் விழாத இடம் தேடுவது, தொடரில் ஒரு மின்கலம் இருண்டாலும் மற்றவற்றின் ஓட்டம் தடைப்படும் என்பதால். பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ் வைப்பது, கம்பி உரசிக் குறுக்குச்சுற்று நேர்ந்தால் தீயை மூட்டுவது தகடன்று, பேட்டரி என்பதால்.

இவ்வறிவு பல்கலைக்கழகத்தில் விளைந்ததன்று. 1987 முதல் 2018 வரை வெளிவந்த ‘ஹோம் பவர்’ இதழில் வாசகர்கள் தம் வீட்டின் சுற்றுப்படங்களையும் கணக்குகளையும் எழுதினர். அரிசோனாவின் குவார்ட்சைட் பாலைநிலத்தில், குழாயும் மின்கம்பமும் இல்லாத பொதுநிலத்தில், குளிர்காலம் முழுதும் வீட்டு வேன்களில் தங்கும் முதியோர் ஒருவர் கூரையைப் பார்த்து மற்றவர் கற்றனர்.

இன்று 36 என்னும் எண்ணுக்குக் கட்டாயம் போய்விட்டது. எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர்கள் உயர்ந்த வோல்ட்டையும் இறக்கிப் பேட்டரிக்கு ஏற்றவாறு தருவதால், வீட்டுக்கூரைக்கான மலிவான பெருந்தகடுகளே வேன்களில் ஏறுகின்றன. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியோ நான்கு கலங்கள் சேர்ந்து 12.8 வோல்ட், அதையும் 12 என்றே விற்கிறார்கள். இங்கே தமிழின் ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். செல், பேட்டரி இரண்டையும் நாம் மின்கலம் என்கிறோம். ஆக்குவதும் சேமிப்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. அதனால்தான் இப்பதிவில் பேட்டரியைப் பேட்டரி என்றே எழுதினேன்.

இந்தியாவில் கதை எதிர்ப்புறமிருந்து தொடங்குகிறது. சாகிபாபாதிலுள்ள மத்திய மின்னணுவியல் நிறுவனம் 1977இல் நாட்டின் முதல் சூரிய மின்கலத்தையும், 1978இல் முதல் தகட்டையும் உருவாக்கியது. ஷேஃபர் கடை திறந்த அதே ஆண்டு. ஆனால் இங்கே மின்கம்பியை விட்டு விலகியோர் அல்லர், கம்பியே வந்துசேராதோர் 12 வோல்ட்டில் வாழ்ந்தார்கள். 1987இல் தூர்தர்ஷனில் ராமாயணம் தொடங்கியபோது, மின்சாரமில்லாத ஊர்களில் கருப்புவெள்ளைப் பெட்டியை டிராக்டர் பேட்டரியில் இணைத்துப் பார்த்தார்கள். கலிஃபோர்னியாவில் ஷேஃபர் செய்ததும் மின்னியல் நோக்கில் இதுவேதான். அவர் செய்தது மாற்று வாழ்க்கை எனப் பெயர்பெற்றது. இவர்கள் செய்தது பின்தங்கிய நிலை எனப்பட்டது. பின்னர் ஊரக வீடுகளுக்கு விளக்குத் தொகுதிகள் வந்தபோதும் அதே 36 மின்கலத் தகடு, அதே 12 வோல்ட். பேட்டரிக்கு நீரூற்றிச் சுற்றைப் பழுதுபார்த்த கைகளுக்கு ‘ஹோம் பவர்’ போன்றதோர் இதழ் வாய்க்கவில்லை.

வண்டிக்கூரை இங்கே செய்தியானது 2017 ஜூலையில். சென்னை ஐ.சி.எஃப்.இல் உருவான டெமு ரயிலொன்று, பெட்டிக்கு 16 வீதம் 300 வாட் தகடுகளைக் கூரையில் சுமந்து தில்லியில் தொடங்கிவைக்கப்பட்டது. செய்தித்தாள்கள் அதைச் சூரிய ரயில் என்றன. இழுத்தது டீசல் எஞ்சின். வெயில் பெட்டிக்குள்ளிருந்த விளக்கையும் விசிறியையும் ஓட்டியது.