டன்லப் ஸ்டாப்பிங்

பாடியிலிருந்து அம்பத்தூர் போகிற பஸ்ஸில் கண்டக்டர் சத்தம் கொடுக்கும் பெயர்களில் ஒன்று "டன்லப்". இறங்குகிறவர்களில் பலருக்கு அது ஒரு ஸ்டாப்பிங்கின் பெயர், அவ்வளவுதான். கொஞ்சம் வயதானவர்களுக்கு அது ஒரு டயர் கம்பெனி. அது ஒரு மாட்டு டாக்டரின் பெயர் என்பதும், அந்தப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோன காப்புரிமை இரண்டே வருஷத்தில் செல்லாமல் போனது என்பதும் அநேகமாக யாருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். ஆகும் என்று நினைக்கிறேன். ஒரு பொருளைக் "கண்டுபிடித்தவர் இவர்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வரியில் எழுதிப் பழகிவிட்டோம். அந்த ஒரு வரிக்குள் யாரெல்லாம் காணாமல் போகிறார்கள் என்பதைப் பார்க்க இந்த டயரைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஜான் பாய்டு டன்லப் 1840-இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் கால்நடை மருத்துவராக இருந்தார். 1887-இல் அவருடைய சின்னப் பையன் மூன்று சக்கர சைக்கிளை ஓட்டிக்கொண்டு கல் பாவிய தெருவில் தடதடத்துக்கொண்டிருந்தான். அந்தக் காலத்துச் சைக்கிள் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான் இருக்கும். ஒவ்வொரு கல்லும் உடம்பில் தெரியும். டன்லப் மெல்லிய ரப்பர் தகட்டைச் சுருட்டி ஒட்டிக் குழாயாக்கினார். ஒரு மரவட்டத்தைச் சுற்றி அதைக் கட்டி, மேலே துணி சுற்றி, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் காற்றடித்தார். பிறகு பையனின் கெட்டி ரப்பர் சக்கரத்தையும் இந்த மரவட்டத்தையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பையனுடைய சக்கரம் பாதியிலேயே விழுந்தது. காற்று வட்டம் முற்றத்தின் கடைசிவரை ஓடி இடித்துத் திரும்பியது.

1888 டிசம்பர் 7 அன்று அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. அடுத்த ஆண்டு மே மாதம் வில்லி ஹ்யூம் என்ற சைக்கிள் வீரர் பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் காற்று டயரோடு இறங்கினார். தடித்த டயரைப் பார்த்துச் சிரித்த கூட்டத்தின் முன்னால் வரிசையாக ஜெயித்தார். அங்கே தோற்றவர்களில் ஹார்வி டு குரோ என்ற டப்ளின் வியாபாரியின் பிள்ளைகளும் உண்டு. அப்பா டு குரோ கெட்டிக்காரர். அந்த வருஷமே டன்லப்பைச் சேர்த்துக்கொண்டு கம்பெனி ஆரம்பித்துவிட்டார்.

இதுவரை பாடப்புத்தகத்துக் கதை. இதற்குமேல்தான் சிக்கல்.

*

1890-இல் ஒரு பழைய காகிதம் வெளியே வந்தது. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845 டிசம்பரிலேயே காற்று டயருக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அப்போது அவருக்கு வயது 23. ரப்பர் பூசிய கித்தானில் உள்குழாய், அதன் மேல் தோல் உறை. 1847-இல் லண்டன் ரீஜன்ட் பூங்காவில் குதிரை வண்டிகளில் மாட்டி ஓட்டியும் காட்டினார். ஒரு ஜோடி டயர் 1,200 மைல் தாங்கியது. ஆனால் அன்றைக்குச் சாலையில் சைக்கிள் இல்லை, நல்ல மெல்லிய ரப்பரும் மலிவாகக் கிடைக்கவில்லை. குதிரை வண்டிக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று உலகம் மறந்துவிட்டது. தாம்சன் 1873-இல் இறந்துபோனார்.

ஏற்கெனவே பதிவான ஒன்றுக்கு 43 வருஷம் கழித்து எப்படி மறுபடியும் காப்புரிமை கொடுத்தார்கள்? பதில் சட்டத்தில் இருக்கிறது. பிரிட்டனில் 1883-ஆம் ஆண்டுச் சட்டம் ஆரம்பக் கட்டணத்தை 25 பவுண்டிலிருந்து 4 பவுண்டாகக் குறைத்தது. அதற்கு முன்னால் காப்புரிமை என்பது காசுள்ளவர்களின் விளையாட்டு. கட்டணம் இறங்கியதும் மெக்கானிக், தையல்காரர், கால்நடை மருத்துவர் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். 1883-இல் சுமார் 6,000 ஆக இருந்த விண்ணப்பங்கள் அடுத்த வருஷமே 17,000-ஐத் தாண்டின. விக்டோரியா காலத்தின் கடைசியில் இத்தனை கண்டுபிடிப்புகள் குவிந்ததற்கு மேதைகள் திடீரென்று பெருகியது காரணமில்லை. கவுன்ட்டரில் கட்டணம் குறைந்தது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அந்த கவுன்ட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் "இது புதுசுதானா?" என்று பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கும் வழக்கம் அப்போது இல்லை. அந்தத் தேடுதலைக் கொண்டுவந்த சட்டம் 1902-இல்தான் வந்தது. அதுவரை விண்ணப்பம் ஒழுங்காக இருந்தால் போதும், முத்திரை விழும். சண்டை வந்தால் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இந்தியாவிலும் இந்தக் காகிதம் அப்போது வந்துவிட்டது. 1856-இல் முதல் சட்டம், அது ரத்தாகி 1859-இல் இன்னொன்று, பிறகு டன்லப் விண்ணப்பித்த அதே 1888-இல் மற்றொன்று. இந்தியாவின் முதல் விண்ணப்பம் 1856 மார்ச் 3-இல் கல்கத்தாவைச் சேர்ந்த ஜார்ஜ் ஆல்ஃபிரட் டிபென்னிங் என்ற பொறியாளர் கொடுத்தது. எதற்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் இயந்திரத்துக்கு. துரை தூங்க, ராத்திரி முழுக்கக் கயிற்றை இழுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஆளுக்குப் பதிலாக ஓர் இயந்திரம். டிபென்னிங் பெயர் இன்றும் பதிவில் இருக்கிறது. கயிறு இழுத்தவர் பெயரை யாரும் எந்தப் பதிவிலும் கேட்கவில்லை.

*

டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனபின் கம்பெனி பிழைத்தது வேறு இரண்டு பேரால். அதைப் புரிந்துகொள்ள ஒரு பஞ்சர்க் கடைக்குப் போக வேண்டும்.

காட்டுப்பாக்கத்தில் மெட்ரோ தூண்களுக்குப் பக்கத்தில் பூந்தமல்லி சாலையோரமாக இன்னும் சில பஞ்சர்க் கடைகள் உண்டு. அங்கே வேலை நடப்பதை நின்று பார்த்திருப்பீர்கள். லீவரைக் கொடுத்து டயரின் ஓரத்தை ரிம்முக்கு வெளியே நெம்புவார். டியூபை உருவிக் காற்றடித்துத் தண்ணீர் பேசினில் அமுக்குவார். குமிழி வரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, கொஞ்சம் காயவிட்டு, ஒட்டைப் போட்டுத் தட்டுவார். பத்து நிமிஷம்.

டன்லப்பின் முதல் டயரில் இது நடக்காது. அவர் டயரை ரிம்மோடு கித்தான் சுற்றிப் பசை போட்டு ஒட்டியிருந்தார். முள் குத்தினால் எல்லாவற்றையும் உரிக்க வேண்டும். 1889-இல் பிரான்ஸின் கிளர்மோன் ஃபெரான் ஊரில் மிஷ்லின் சகோதரர்களின் பட்டறைக்கு அப்படி ஒரு டயர் வந்தது. பழுது பார்க்க மூன்று மணி நேரம், பசை காய ஒரு ராத்திரி. மறுநாள் ஓட்டிப் பார்த்தால் மறுபடியும் காற்று போய்விட்டது. கழற்றி மாட்டும் டயரை அவர்கள் யோசிக்க ஆரம்பித்தது அந்த எரிச்சலில்தான்.

பிரிட்டனில் அதற்கு வழி கண்டவர்கள் இருவர். 1890-இல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் டயரின் இரண்டு ஓரத்திலும் நீளாத கம்பி வளையம் வைத்து, நடுவில் பள்ளமான ரிம்மில் அதை உட்கார வைத்தார். அதே வருஷம் எடின்பரோவில் வில்லியம் பார்ட்லெட் தடித்த ஓரத்தை ரிம்மின் மடிப்புக்குள் மாட்டும் வழியைப் பதிவு செய்தார். டு குரோ இரண்டு உரிமைகளையும் வாங்கிப்போட்டார். கம்பெனி காப்பாற்றப்பட்டது, பெயர் மட்டும் டன்லப் என்றே நின்றது. இன்றைக்கு நம்முடைய சைக்கிள், பைக், கார் டயர்களை விரித்துப் பாருங்கள். ஓரத்தில் அந்தக் கம்பி இருக்கும். பஞ்சர்க் கடைக்காரர் யாருக்காவது படம் மாட்டிக் கற்பூரம் காட்டுவதென்றால் வெல்ச்சுக்குத்தான் காட்ட வேண்டும்.

பணம் எங்கே போனது? டன்லப் 1895-இல் கம்பெனியை விட்டு விலகினார். மறு வருஷம் டெரா ஹூலி என்ற ஊக வியாபாரி அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, 50 லட்சம் பவுண்டுக்குப் பங்குச் சந்தையில் விட்டார். 1898-இல் அவரே திவாலானார். மாட்டு டாக்டருக்கு அந்த லட்சங்களில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. பெயர் மட்டும் டயரில் அச்சாகிக் கொண்டிருந்தது.

*

காற்று டயர் ஜெயித்ததும் உலகத்துக்கு ரப்பர் போதவில்லை. காங்கோவில் பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்கள் காட்டு ரப்பருக்காக ஊர்களை எரித்தார்கள், கைகளை வெட்டினார்கள். அந்த ரத்தத்தில் சைக்கிள் மோகத்துக்கும் பங்குண்டு.

இன்னொரு வழி தோட்டம். ஹென்றி விக்காம் 1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த சுமார் 70,000 விதைகளில் முளைத்தவை 3,000-கூட இல்லை. அந்த நாற்றுகளில் 1,900-க்கு மேல் இலங்கைக்குப் போயின, கொஞ்சம் சிங்கப்பூருக்கு. சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்துக்கு ஹென்றி ரிட்லி பொறுப்பேற்றது, மறுபடியும், 1888. மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லிசாகச் சீவிப் பால் எடுக்கும் முறையை அவர் வகுத்தார். "ரப்பர் நடுங்கள்" என்று தோட்டக்காரர்களை நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்று பெயர். சைக்கிளும் அதன் பின்னாலேயே மோட்டார் காரும் வந்தபோது அந்தப் பைத்தியம் சொன்னதுதான் சரியாக இருந்தது.

நட்ட மரத்தில் பால் வெட்டியது யார்? நம்மவர்கள். கங்காணி வந்து ஆள் சேர்க்க, தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கப்பல் ஏறி மலேயா போனவர்கள். லயத்து வீட்டிலிருந்து விடியுமுன் கிளம்ப வேண்டும், குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் கோடு காய்ந்துவிடும். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் மரம் காயம்பட்டுவிடும், மேலாகப் போனால் பால் வராது. அந்தக் கைப்பக்குவத்துக்கு எந்த அலுவலகத்திலும் எண் கிடையாது. மலேசியத் தமிழர்கள் அந்த மரத்துக்கு வைத்த பெயர் பால்மரம். அகிலன் தன் நாவலுக்குத் தலைப்பாக எடுத்தது அந்தச் சொல்லைத்தான். 1910-களில் டன்லப் கம்பெனியே மலேயாவில் தோட்டங்களை வாங்கிச் சேர்த்தது. அதாவது டன்லப் டயருக்குள் தமிழ்க் கை அம்பத்தூருக்கு அரை நூற்றாண்டு முன்பே நுழைந்துவிட்டது.

*

அம்பத்தூருக்கு முதலில் வந்தது சைக்கிள். பர்மாவில் 1900-இல் வட்டிக்கடையோடு தொடங்கிய செட்டிநாட்டு முருகப்பா குடும்பம், பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸை நிறுவியது. ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. என்று நம் அப்பாக்கள் பெருமையாகச் சொன்ன பெயர்கள் எல்லாம் பர்மிங்ஹாம் பெயர்கள். அந்தச் சைக்கிளைப் பிரித்துப் போட்டால் ஒரு விக்டோரியக் காப்புரிமைக் கண்காட்சியே நடத்தலாம். சக்கரத்தில் ஸ்போக்குகள் சாய்வாகக் குறுக்கும் மறுக்கும் ஓடுவது ஜேம்ஸ் ஸ்டார்லியின் 1874. சங்கிலியில் உருளும் புஷ் ஹான்ஸ் ரெனால்டின் 1880. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, சங்கிலி பின்சக்கரத்தை இழுக்கும் அமைப்பைப் பரவ வைத்தது ஜான் கெம்ப் ஸ்டார்லியின் 1885 ரோவர். டியூபின் வால்வுக்குள் சின்ன ரப்பர் வால்டியூப் ஒன்று இருக்குமே, பையன்கள் பிய்த்துக்கொண்டுபோய் விளையாடுவது, அதுவும் அந்தக் காலத்துப் பொருள்தான்.

1959-இல் டன்லப் தொழிற்சாலை அம்பத்தூருக்கு வந்தது. மலேயாத் தோட்டத்திலும் அம்பத்தூர் ஷிப்டிலும் ஒரே பெயருக்காகத் தமிழர்கள் வேலை செய்திருக்கிறார்கள், ஒருவருக்கு ஒருவர் தெரியாமல்.

எங்கள் பகுதியில் ஒரு டயர் கம்பெனியில் முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த பெரியவர் இருக்கிறார். டயர் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டேன். "ரப்பரோட கந்தகம், கறுப்புப் பவுடர் எல்லாம் போட்டு மில்லுல அரைப்போம் தம்பி. வாசனையிலயே தெரிஞ்சிடும், கலவை சரியா இல்லையான்னு. லேபு ரிப்போர்ட்டு அப்புறமாத்தான் வரும்" என்றார். அந்தக் கம்பி வளையத்தை எப்படி உட்கார வைப்பார்கள் என்று கையாலேயே காற்றில் செய்து காட்டினார். விரல்கள் இன்னும் மறக்கவில்லை. வெல்ச் 1890-இல் காகிதத்தில் எழுதியதை இவர் ஒரு ஷிப்டில் எத்தனையோ முறை செய்து முடித்திருக்கிறார். அதில் தானாகக் கண்டுபிடித்த சின்னச் சின்ன வழிகளும் இருந்தன. "அதையெல்லாம் யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்று சிரித்தார்.

இன்று டன்லப் ஸ்டாப்பிங்கில் டயர் உருவாவதில்லை. பெயர் நிற்கிறது, நிற்கட்டும். பெயரை மாற்றுங்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. தாம்சனின் காகிதம் பதிவேட்டில் இருந்ததால் 45 வருஷம் கழித்தாவது வெளியே வந்து நியாயம் கேட்டது. அம்பத்தூர், பாடி, ஆவடிப் பட்டறைகளில் கற்றுக்கொண்ட வேலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அதைச் செய்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், எந்தக் கம்பெனி, எத்தனை சம்பளம் என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். எந்த மெஷின், எந்தக் கை முன்னால் போகும், எது தப்பானால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். தேதி போட்டு வையுங்கள்.